பேரேட்டில் ஏறாத பெயர்கள்

நெல்லை அளக்க மரக்கால் உண்டு. நிலத்தை அளக்கச் சங்கிலி உண்டு. மரத்திலிருந்து இறக்கிய பாலை நிறுக்கத் தராசும், அதன் கெட்டித் தன்மையைச் சோதிக்கக் கருவியும் உண்டு. ஒரு நாட்டில் உழைப்பவர் எத்தனை பேர் என்பதை அளக்க மட்டும் ஐயத்திற்கு இடமில்லாத அளவுகோல் ஒன்று இன்றுவரை கிடைத்தபாடில்லை. தலைகளை எண்ணுவது எளிது. அவற்றுள் எது உழைப்பாளியின் தலை என்று முடிவு செய்வதே கடினம். அம்முடிவைச் செய்பவர் யார், எதன்பொருட்டுச் செய்கிறார் என்பதற்கேற்பத் தொகை கூடுகிறது, குறைகிறது.

இவ்வுண்மையை ஆராய்வதற்குக் கெடா மாநிலம் மிகப் பொருத்தமான இடமாகும். அதன் வடபகுதியில் அலோர் ஸ்டாரைச் சூழ்ந்து நெல்வயல்கள் பரந்து கிடக்கின்றன. தென்பகுதியில் கோலமூடா, கூலிம், பண்டார் பாரு மாவட்டங்கள் இரப்பரால் பெயர் பெற்றவை. சுங்கைப் பட்டாணியும் கூலிமும் பிற்காலத்தில் தொழிற்சாலைப் பட்டணங்களாக வளர்ந்தன. வயலில் உழைத்த குடியானவர், தோட்டத்தில் உழைத்த பாட்டாளி, ஆலையில் உழைக்கும் இளைஞர் ஆகிய முத்திறத்தாரும் ஒரே மாநிலத்தில் அடுத்தடுத்து வாழ்ந்துள்ளனர். அவர்களை எண்ண முயன்றோரின் வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது. அவ்வரலாற்றில் எண்ணப்பட்டோரைப் போலவே எண்ணப்படாதோரும் இடம்பெறுகின்றனர்.

கடாரம் முதல் கெடா வரை

கெடாவின் பழம்பெயர் கடாரம். கி.பி. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை இப்பகுதியைத் தாக்கியது. வென்ற ஊர்களையும் கைப்பற்றிய செல்வங்களையும் அவனுடைய மெய்க்கீர்த்தி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்கிறது. கலங்களைச் செலுத்தியோர் எத்தனை பேர், பூஜாங் பள்ளத்தாக்கில் கல்லும் செங்கல்லும் சுமந்து கோயில் எழுப்பியோர் எத்தனை பேர் என்ற கணக்கு எந்தக் கல்லிலும் இல்லை. செல்வத்தை எண்ணுவதும், அதனை உண்டாக்கியவரை எண்ணாமல் விடுவதும் மிகப் பழைய வழக்கமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெடா சயாமின் மேலாட்சிக்கு உட்பட்டிருந்தது. கூலிம் பகுதியில் சீனர் மரவள்ளி பயிரிட்டனர், ஈயம் தோண்டினர். எல்லைக்கு அப்பால், ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த புரோவின்ஸ் வெல்லஸ்லியின் கரும்புத் தோட்டங்களில் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பருக்குப் பெருவிலை கிடைக்கத் தொடங்கியதும் தென்கெடாவின் காடுகள் அழிக்கப்பட்டன. 1909இல் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையால் கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு மாறியது. 1915இல் இரயில் பாதை அலோர் ஸ்டாரை எட்டியது. பீடோங், சுங்கைப் பட்டாணி, பாடாங் செராய், லூனாஸ் ஆகிய ஊர்களைச் சுற்றி லயங்கள் எழுந்தன.

இம்மாற்றத்தின் வேகத்தைக் குடிமதிப்பு எண்களே காட்டுகின்றன. 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் கெடாவின் மக்கள் தொகை ஏறத்தாழ 2 இலட்சத்து 46 ஆயிரம். அவர்களுள் இந்தியர் சுமார் 6 ஆயிரம் பேரே. மலாயா முழுவதையும் ஒரே குடிமதிப்பின்கீழ் கொண்டுவந்த ஆண்டு 1921. அதனை நடத்தியவர் நேதன். அவ்வாண்டில் கெடா இந்தியரின் தொகை 33 ஆயிரமாயிற்று. வீலண்ட் நடத்திய 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அது 50 ஆயிரத்தைக் கடந்தது. இருபதே ஆண்டுகளில் எட்டு மடங்கு வளர்ச்சி!

ஆயினும் இவ்வெண்கள் உழைப்பாளரின் எண்கள் அல்ல. இந்தியர் என்ற ஒரே கட்டத்துக்குள் பால்மரம் சீவியவரோடு, பட்டணத்தில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியாரும், துணிக்கடை நடத்திய தமிழ் முஸ்லிம் வணிகரும், ஆயாக் கொட்டகையில் உறங்கிய கைக்குழந்தையும் அடங்குவர். உழைத்தவர் எத்தனை பேர் என்று அறிய விரும்புவோர் வேறு ஏடுகளைப் புரட்ட வேண்டும்.

மூன்று ஏடுகள்

ஆங்கிலேயர் காலத்தில் அத்தகைய ஏடுகள் மூன்று இருந்தன.

முதலாவது, தோட்டத்துச் செக்ரோல். விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பர். கங்காணி அருகில் நிற்க, கிராணி பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்துக் குறியிடுவார். வேலைக்கு வந்தவருக்கு அன்று ‘பேர்’ விழும், வாராதவருக்கு விழாது. மாத முடிவில் அப்பேர்களைக் கூட்டியே சம்பளம் கணக்கிடப்பட்டது. எனவே செக்ரோலில் இருவகை எண்கள் பிறந்தன. ஒன்று, ஏட்டில் உள்ள பெயர்களின் தொகை. மற்றொன்று, உண்மையில் நடந்த வேலை நாள்களின் தொகை. காய்ச்சலும் பிள்ளைப்பேறும் மழையும் இவ்விரண்டுக்கும் இடையே இடைவெளியை உண்டாக்கின. முந்நூறு பெயருள்ள தோட்டத்தில் ஒரு நாள் இருநூற்றைம்பது பேரே நின்றால், அத்தோட்டத்தின் உழைப்பாளர் தொகை எது? இக்கேள்வி அன்று கிராணியின் மேசையில் இருந்தது. இன்று உலகப் புள்ளியியல் அறிஞர்களின் மேசையில் இருக்கிறது.

இந்த எண்ணிக்கைக்கு அரசும் ஒரு பயன் கண்டது. தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவரும் செலவுக்காக 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகள் தம்மிடம் இந்தியத் தொழிலாளர் செய்த வேலை நாள்களுக்கேற்ப அந்நிதிக்குப் பணம் செலுத்த வேண்டும். கெடாவும் பின்னர் அவ்வேற்பாட்டில் சேர்ந்தது. பாட்டாளியின் பெயர் அரசாங்கக் கோப்பில் ஏறியது அவனுடைய நலனைக் கருதி அன்று. அவனைக் கொண்டுவந்த கப்பற் செலவை முதலாளிகள் பகிர்ந்துகொள்வதற்காகவே.

இரண்டாவது, துறைமுக ஏடு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோர் பினாங்குக் கரையை அடைந்ததும், ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் சில நாள் தங்கவைக்கப்பட்டனர். வந்தோர் எத்தனை, திரும்பியோர் எத்தனை என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளிவந்தது. இவ்வேடு பயணங்களை எண்ணியதேயன்றி மனிதரை எண்ணவில்லை. மூன்றாண்டு உழைத்து ஊருக்குச் சென்று, தங்கையின் திருமணத்தை முடித்து, மீண்டும் அதே தோட்டத்துக்கு வந்தவன் இருமுறை வந்தவனாகவே பதிவானான். வருகைகளைக் கூட்டிக் கொண்டே போனால் கிடைக்கும் பெருந்தொகைக்கும் தோட்டத்தில் நின்ற ஆள்களின் தொகைக்கும் வெகு தூரம்.

மூன்றாவது, பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்த குடிமதிப்பு. அது ஒவ்வொருவரிடமும் தொழிலைக் கேட்டது. ‘மரம் வெட்டுகிறேன்’ என்றவர் இரப்பர்த் தொழிலாளரானார். அன்று அவருக்கு வேலை இருந்ததா இல்லையா என்பதை அக்கேள்வி பொருட்படுத்தவில்லை.

இம்மூன்று ஏடுகளுள் பெண்ணின் உழைப்பைத் தயக்கமின்றி ஏற்றது செக்ரோல்தான் என்பது வியப்புக்குரியது. பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலியே விதிக்கப்பட்டது. 1920களின் இறுதியில் தென்னிந்தியத் தொழிலாளருக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி, முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. நீதியில் தவறினாலும் கணக்கில் அவளைத் தவறவிடவில்லை. கூலி கொடுக்க வேண்டியிருந்ததால் அவள் பெயர் ஏட்டில் இருந்தது. அதே காலத்தில் வடகெடாவின் வயலில் நாற்று நட்ட மலாய்ப் பெண்ணின் உழைப்புக்குக் கூலி ஏடு எதுவும் இல்லை. அங்கு ஒரு குடும்பத்தார் மற்றொரு குடும்பத்தாரின் வயலில் மாறிமாறி உழைக்கும் ‘டெராவ்’ என்னும் வழக்கம் இருந்தது. காசு கைமாறாத இடத்தில் கணக்குப்பிள்ளைக்கு வேலையில்லை.

கப்பலேற்றிக் குறைத்த கணக்கு

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சி இரப்பர் விலையைத் தரைமட்டமாக்கியது. தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன, கூலியையும் குறைத்தன. 1930 ஆகஸ்டில் உதவிபெற்று வரும் குடியேற்றம் நிறுத்தப்பட்டது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் மலாயாவிலிருந்து பொதுச் செலவில் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. ஒரு நாட்டின் உழைப்பாளர் தொகை என்பது வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்த தொகை என்று இன்று வகுக்கப்பட்டுள்ளது. வேலை இழந்தவனும் அத்தொகையில் ஒருவனே. மலாயாவிலோ, வேலை இழந்தவன் துறைமுகத்தில் கப்பலேறிய நாளிலேயே இந்நாட்டுக் கணக்கிலிருந்து மறைந்தான். வேலையின்மை என்ற துன்பம் தீரவில்லை. அது தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் சேலத்துக்கும் இடம் மாறியது. தோட்ட அறிக்கைகளில் ஆள்தொகை குறைந்தது மட்டுமே தெரிந்தது. 1931 ஏப்ரல் முதல் நாளில் எடுக்கப்பட்ட குடிமதிப்பு, இவ்வெளியேற்றத்தின் நடுவில் நிகழ்ந்தது. அதற்கு ஓராண்டு முன்போ பின்போ எடுத்திருந்தால் கெடாவின் எண்கள் வேறாக இருந்திருக்கும்.

அதே வீழ்ச்சி அமெரிக்காவில் வேறு விளைவைத் தந்தது. அங்கு வேலை இழந்தோருள் பெரும்பாலோரை வேறு நாட்டுக்கு அனுப்ப வழியில்லை. அவர்கள் தெருக்களில் நின்றனர். எத்தனை பேர் நிற்கின்றனர் என்ற கேள்விக்கு அரசிடம் விடையில்லை. ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். ‘உமது தொழில் என்ன?’ என்ற பழைய கேள்வி அங்கே பயன்படவில்லை. தச்சன் வேலை இழந்தாலும் தச்சனே என்று விடையளித்தான். ஆகவே 1940ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், மார்ச் மாதத்தின் ஒரு குறிப்பிட்ட வாரத்தைச் சுட்டி, அவ்வாரத்தில் வேலை செய்தாரா, இல்லையெனில் வேலை தேடினாரா என்று கேட்கப்பட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் அளவுமுறையின் தொடக்கம் அதுவே. வேலையற்றோரைக் கண்ணால் காண நேர்ந்த நாடு அவர்களை எண்ணக் கற்றது. அவர்களை அனுப்பிவிட முடிந்த நாட்டுக்கு அவ்வவசியம் எழவில்லை.

எண்ணப்படாத ஆண்டுகள்

1938 ஜூனில் இந்திய அரசு உதவிபெற்றுக் கப்பலேறும் முறைக்குத் தடை விதித்தது. அதன்பின் தோட்ட ஆள்தொகை இங்கேயே பிறந்து வளர்ந்தோரைச் சார்ந்து நின்றது. 1941இல் நடந்திருக்க வேண்டிய குடிமதிப்பு நடைபெறவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை வடக்கிலிருந்து நுழைந்தது. கெடா அதன் வழியில் இருந்தது.

அடுத்த நான்காண்டுகளில் கெடா இருமுறை கை மாறியது. ஜப்பானியர் ஆட்சியின்கீழ் இருந்த மாநிலம், 1943இல் தாய்லாந்திடம் ஒப்படைக்கப்பட்டுப் போர் முடியும்வரை அதன் நிருவாகத்தில் இருந்தது. தோட்டங்களில் காடு மண்டியது. லயங்களில் மரவள்ளியே உணவாயிற்று. அதே காலத்தில்தான் சயாம் – பர்மா இரயில் பாதைக்கு ஆள் திரட்டப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பெரும்பாலும் தமிழராகிய எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். தெற்கிலிருந்து புறப்பட்ட வண்டிகள் கெடாவின் நெல்வயல்களைக் கடந்தே சயாம் சென்றன.

அவர்களுள் இறந்தோர் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்கள் உடன்படவில்லை. முப்பதாயிரத்தில் தொடங்கி அதற்கும் மேலாகப் பலவாறு மதிப்பிடுகின்றனர். வாந்திபேதி கண்ட முகாம்களில் பிணங்கள் மொத்தமாகப் புதைக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. கஞ்சனபுரியிலுள்ள நேச நாட்டுப் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் பேருக்கு இடம் உண்டு. கற்களில் பெயர் உண்டு. தோட்டத்திலிருந்து சென்ற பாட்டாளிக்கு அத்தகைய கல் நாட்டப்படவில்லை. ஒவ்வொரு காலையும் அவன் பெயரை அழைத்து, ஒரு நாட்கூலியைக்கூடத் தவறவிடாமல் குறித்த ஏடு இருந்தது. அவன் சாவைக் குறிக்க ஏடு இல்லை.

போருக்குப் பின் டெல் டூஃபோ நடத்திய 1947ஆம் ஆண்டுக் குடிமதிப்பே அவ்விழப்பை மறைமுகமாகக் காட்டியது. 1931இல் மலாயா இந்தியரின் தொகை சிங்கப்பூரையும் சேர்த்து 6 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அது 6 இலட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. கெடாவின் மொத்த மக்கள் தொகை அவ்விடைக் காலத்தில் 4 இலட்சத்து 30 ஆயிரத்திலிருந்து 5 இலட்சத்து 54 ஆயிரமாக உயர்ந்தது. இந்தியர் தொகை மட்டும் 51 ஆயிரம் என்ற அளவில் அசையாமல் நின்றது. பிறந்த குழந்தைகள் அத்தனையும் எங்கே? திரும்பிப் போனோர், புலம்பெயர்ந்தோர், பசியாலும் நோயாலும் மாண்டோர், இரயில் பாதையில் மறைந்தோர் ஆகிய அனைவரும் அந்த அசையாத எண்ணுக்குள் புதைந்து கிடக்கின்றனர். கணக்கில் கூடாமற் போன தொகையைக் கொண்டே இழப்பை உணர வேண்டிய நிலை.

இரு கேள்விகள்

விடுதலைக்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1957 ஜூனில், அடுத்த குடிமதிப்பு நடந்தது. 1949இல் தொடங்கப்பட்ட புள்ளிவிவர அலுவலகம் அப்போது வேரூன்றியிருந்தது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் ஆதரவில் 1954இல் கூடிய புள்ளியியலார் மாநாடு உழைப்பாளர் தொகைக்கு வரையறை வகுத்திருந்தது. தொழிலின் பெயரைக் கேட்கும் முறை படிப்படியாகப் பின்தங்கி, ஒரு காலத்தைக் குறித்து வேலையைக் கேட்கும் முறை மேலோங்கியது. 1974இல் மலேசியாவின் உழைப்பாளர் ஆய்வு தொடங்கியது. அது ஊர்தோறும் சில வீடுகளைத் தெரிந்தெடுத்து வினவும் மாதிரி ஆய்வாகும். 1982 முதல் ஓரிரு ஆண்டுகள் நீங்கலாக ஆண்டுதோறும் நடந்த அவ்வாய்வு, 2004இலிருந்து மாதந்தோறும் நடைபெறுகிறது. பதினைந்து வயது முதல் அறுபத்து நான்கு வயதுக்கு உட்பட்டோரை அது கணக்கில் கொள்கிறது.

‘உமது தொழில் என்ன?’, ‘சென்ற வாரம் வேலை செய்தீரா?’ என்ற இரு கேள்விகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பால்வெட்டுத் தொழிலாளி நன்கு அறிவார். கெடாவில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை வலுக்கும். மரம் நனைந்தால் வெட்டு நடவாது. ஆண்டின் தொடக்கத்தில் வறட்சி வந்து இலை உதிர்ந்தால் பால் குறையும். முதற் கேள்விக்கு மழையும் வெயிலும் தடையல்ல. இரண்டாம் கேள்விக்கு விடை, எந்த வாரத்தில் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதனை உணர்ந்தே, மழையாலோ நோயாலோ வேலைக்குச் செல்லாவிட்டாலும் திரும்பிச் செல்ல வேலை உடையவரை வேலையில் உள்ளவராகவே கொள்ள வேண்டுமென்று ஆய்வின் விதி கூறுகிறது. மற்றொரு விதி, வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்தாலே ஒருவர் வேலையில் உள்ளவர் என்கிறது. நாள் முழுதும் வெயிலில் நின்றவரும் ஒரு மணி நேரம் கடையில் உதவியவரும் ஒரே எண்ணிக்கையில் அடங்குகின்றனர். வேலையின் அளவும் கூலியின் நிறைவும் வேறு அட்டவணைகளுக்கு விடப்பட்டுள்ளன.

ஒரு சொல்லை மாற்றினால் கோடிக்கணக்கானோர் தோன்றி மறைவர் என்பதற்கு இந்தியா சான்று. அங்கு 1961ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் உழைக்கும் பெண்கள் ஏறத்தாழ 6 கோடி பேர். 1971இல் முதன்மையான செயல் எது என்று கேள்வி மாற்றப்பட்டது. வீட்டு வேலையோடு வயல் வேலையும் செய்த பெண்கள் வீட்டு வேலையையே முதன்மையாகக் கூறினர். அல்லது அவர்களுக்காக வீட்டு ஆண்கள் அவ்வாறு கூறினர். உழைக்கும் பெண்களின் தொகை சுமார் 3 கோடியாயிற்று. பத்தாண்டில் மூன்று கோடிப் பெண்கள் கதிர் அரிவாளைக் கீழே வைத்துவிடவில்லை. அரிவாள் கையிலேயே இருந்தது; கேள்விதான் மாறியது.

நூறு ஏக்கர்க் கோடு

மலாயாவில் இத்தகைய மாற்றத்தை உண்டாக்கியது ஒரு நில அளவு. இரப்பர்ப் புள்ளிவிவரங்களில் நூறு ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள நிலமே தோட்டம். அதற்குக் குறைந்தது சிறுதோட்டம். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. பெருந்தோட்டம் ஒழுங்காக அறிக்கை அனுப்பும். சிறுதோட்டத்தின் ஆள்தொகை மதிப்பீட்டால் மட்டுமே அறியப்பட்டது.

1950களில் விடுதலை நெருங்கியபோது ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைத் துண்டு போட்டுப் பலருக்கு விற்றனர். இத்துண்டாடலைப் பற்றி உங்கு அசிஸ் தலைமையில் விரிவான ஆய்வே நடத்தப்பட்டது. ஆயிரம் ஏக்கர்த் தோட்டம் முப்பது, நாற்பது ஏக்கர்த் துண்டுகளானபோது லயம் கைவிடப்பட்டது. மருந்தகமும் ஆயாக் கொட்டகையும் மூடப்பட்டன. தமிழ்ப்பள்ளி மாணவர் இன்றித் தவித்தது. அதே மரங்களை அதே மக்கள் வெட்டினர். ஆயினும் அவர்களை அழைத்துக் குறியிடக் கிராணி இல்லை. கண்டிராக்டர் ஒருவரின் சட்டைப்பைக் குறிப்பேடே இப்போது செக்ரோல். குடும்பத் தலைவன் பெயரில் ஒரு நிரை. அவனோடு மனைவியும், பள்ளிக்குச் செல்லுமுன் ஒட்டுப்பால் உரிக்கும் பிள்ளைகளும். ஒரு பெயருக்குள் நான்கு பேரின் உழைப்பு ஒடுங்கியது.

தோட்டத் தொழிலாளர் தொகை வீழ்ந்தது என்று அக்கால அட்டவணைகள் காட்டின. அவ்வீழ்ச்சியின் ஒரு பகுதி உண்மை. மற்றொரு பகுதி நூறு ஏக்கர்க் கோட்டைத் தாண்டி மறுபுறம் விழுந்தோரால் ஏற்பட்ட தோற்றம். கோட்டின் மறுபுறம் விழுவது வெறும் கணக்குச் செய்தி அன்று. ஊழியர் சேமநிதி 1951இல் தொடங்கியது. தொழிலில் ஊனமுற்றோருக்கும் நோயுற்றோருக்கும் உதவும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 1971இல் செயற்படத் தொடங்கியது. இவ்விரு பயனும் ஏட்டில் பெயருள்ளவரையே அடைந்தன. முப்பதாண்டு பால் வெட்டியும் முதுமையில் சேமநிதி இல்லாதோர் உண்டெனின், அவர்கள் உழைக்கவில்லை என்பது காரணமன்று. உழைத்தமைக்கு ஏடு இல்லை என்பதே காரணம். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது, பல்லாயிரம் இந்தியர் மீண்டும் கப்பலேறினர். வேலை செய்த ஆண்டுகளை மெய்ப்பிக்கத் தாள் தேவைப்பட்ட காலம் அது.

துண்டாடலை எதிர்த்து எழுந்த நன்முயற்சி ஒன்று கெடாவிலேயே முதற்பயன் கண்டது. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளி வீதம் பாட்டாளிகளிடம் பங்குப்பணம் திரட்டப்பட்டது. அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். கூலி ஏட்டில் மட்டுமே பெயர் கண்ட மக்கள், உடைமை ஏட்டிலும் தம் பெயரைக் கண்ட நிகழ்ச்சி அது.

வயலிலும் பட்டணத்திலும்

வடகெடாவில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970இல் பயன்தரத் தொடங்கி, ஆண்டுக்கு இருபோகம் விளைந்தது. நடவுக்கும் அறுவடைக்கும் இருமடங்கு கை தேவைப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் அறுவடை இயந்திரங்கள் வந்தன. மூடா வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் 1978 முதல் 1980 வரை தங்கி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட், கதிர் அறுத்து வாழ்ந்த ஏழைப் பெண்கள் அவ்வருவாயை இழந்ததைப் பதிவு செய்தார். நிலையான கூலி ஏட்டில் இல்லாத வேலை பறிபோகும்போது, அது வேலையிழப்பாகப் பதிவாவதும் அரிது. அவள் மீண்டும் இல்லத்தரசி என்ற கட்டத்துக்குள் சென்றாள்.

தோட்டத்துப் பெண்ணின் கதையும் அதே கட்டத்தில் முடிந்தது. இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. அதற்கு ஆள் தேவை குறைவு. சுங்கைப் பட்டாணியைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. இளம்பெண்கள் விடியலில் ஆலைப் பேருந்தேறிப் பினாங்குக்கும் பிறைக்கும் சென்றனர். 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. மகள் ஆலை ஏட்டில் ஏறினாள். தாயோ ஏட்டிலிருந்து இறங்கினாள். இருபதாண்டு பெரட்டுக்கு நின்று கூலி வாங்கியவள், பட்டணத்து வீட்டில் அண்டை வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள், பலகாரம் சுட்டு விற்றாள், தையல் தைத்தாள். விதியின்படி இவையும் வேலையே. ‘அம்மா என்ன செய்கிறார்?’ என்ற கேள்விக்குச் ‘சும்மா வீட்டில் இருக்கிறார்’ என்று பிள்ளைகள் விடையளித்தால், அவ்விதி எட்டாமல் நின்றுவிடுகிறது. அன்னிய துரையின் ஏடு ஏற்றுக்கொண்ட உழைப்பைச் சொந்த வீட்டின் நாவே தள்ளிவிடுகிறது.

மலேசியாவின் உழைப்பாளர் தொகை 1982இல் 54 இலட்சம். நாற்பதாண்டில் அது ஒன்றரைக் கோடியைக் கடந்தது. உழைக்கும் வயதுப் பெண்களுள் கணக்கில் சேர்ந்தோர் 1982இல் நூற்றுக்கு 44 அல்லது 45 பேர். பின்னர் அவ்விகிதம் 55ஐத் தாண்டியது. இவ்வளர்ச்சி பெருமைக்குரியதே. ஆயினும் இதில் எவ்வளவு புதிய உழைப்பு, எவ்வளவு முன்பே நடந்து பெயரிடப்படாதிருந்த உழைப்பு என்று ஆராய்வோருக்குத் தோட்டத்து வரலாறு தக்க துணையாகும்.

புதிய லயங்கள்

இன்று செம்பனைக் குலை வெட்டுவோரும், கட்டடங்களுக்குச் சிமெண்டு சுமப்போரும் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். முகவருக்குக் கடன்பட்டு வருகின்றனர். ஊருக்குப் பணம் அனுப்புகின்றனர். நெருக்கடி வந்தால் திருப்பி அனுப்பப்படுகின்றனர். உழைப்பாளர் ஆய்வு குடும்பங்கள் வாழும் வீடுகளையே வினவுகிறது. விடுதிகளிலும் கட்டுமானத் தளங்களிலும் தங்கியிருப்போர் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். உரிய தாள் இல்லாதோர் வேறு ஏடுகளிலும் ஏறுவதில்லை.

அளவுகோல் முன்னிலும் நுட்பமாகியுள்ளது. பத்தாண்டுக்கு ஒருமுறை கிடைத்த தொகை மாதந்தோறும் கிடைக்கிறது. ஆயினும் எங்கே கோடு கிழிப்பது என்ற பழைய கேள்வி நீங்கவில்லை. கோட்டுக்கு உள்ளே இருப்பவருக்குக் குறைந்த அளவாவது சட்டம் உண்டு, சேமநிதி உண்டு, மருத்துவம் உண்டு. வெளியே இருப்பவருக்கு உழைப்பு மட்டுமே உண்டு.

பீடோங்கைச் சுற்றிய பழைய தோட்டங்களில் பெரட்டுக் களங்கள் புல் மூடிப் போயின. அங்கே விடியற்காலையில் அழைக்கப்பட்ட பெயர்களின் சொந்தக்காரர் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். சில குடும்பங்களில் மட்டும் பாட்டனின் பழைய சம்பளச் சீட்டு, மஞ்சள் படிந்து, பெட்டியின் அடியில் கிடக்கக்கூடும். அதில் அவர் பெயரும், அம்மாதத்து வேலை நாள்களும், பிடித்தம் போகக் கைக்கு வந்த காசும் இருக்கும். நாட்டின் பெருந்தொகைகள் யாவும் அத்தகைய சிறு தாள்களிலிருந்தே கூட்டப்பட்டவை. அத்தாளைக் காத்து வைத்திருக்கும் பேரப்பிள்ளை, தன் வீட்டின் அருகே விடுதியில் தங்கி, பெயர் கேட்பாரின்றி விடியலில் வேலைக்குச் செல்லும் அயல்நாட்டு இளைஞனைக் காணும்போது, தன் பாட்டனையே காண்கிறான்.